படப்பையில் வாங்காமல் வந்த இன்ஜின்

அந்த ஜனவரியில் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தது என் அண்ணன் கல்யாணத்துக்கு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள், மற்ற உறவுக்காரர்கள் ரயிலேறிப் போன பிறகும் அவள் பெட்டியைக் கட்டவில்லை. நான் கல்லூரிக்குக் கிளம்பி சைக்கிளை வெளியே தள்ளியபோது கேட்டருகே வந்து நின்றாள்.

“டேய் காலேஜு, படப்பைன்னு ஒரு ஊரு எம்புட்டுத் தூரம்?”

“தாம்பரத்துல பஸ் ஏறினா முக்கால் மணி நேரம். எதுக்கு?”

“ஒரு இன்ஜின் பாக்கணும். தண்ணி எறைக்கிற இன்ஜின். உங்க அத்தானுக்குத் தெரியாது. நீ வாயத் தொறந்தேன்னு வையி, உள்ள பல்லு இருக்காது.”

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை, பெரியம்மாவின் மகள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். பழனி மலையின் கீழ்ச்சரிவில் அவளுக்கும் அத்தானுக்கும் இரண்டரை ஏக்கர் காபி இருந்தது. காபித் தோட்டம் என்றதும் பங்களா, புல்வெளி, ஜீப் என்று நினைத்துவிடக் கூடாது. சரிவில் நாலு படி வெட்டி, சில்வர் ஓக் மரங்களின் நிழலில் வரிசை வரிசையாகச் செடிகள். கீழே ஒரு குட்டை. மேலே ஓட்டு வீடு. பழம் பறிக்கிற இரண்டு மாதம் தவிர மற்ற நாளெல்லாம் அவர்கள் இரண்டு பேரே கூலியாளும் முதலாளியும்.

அப்பாவின் ஆபீஸில் படப்பைக்காரர் ஒருவர் இருந்தார்; கல்யாணத்தில் அக்கா அவரிடம் பேசியிருக்கிறாள். அவருடைய தம்பி நெல் வயலை மனை போட்டு விற்கப் போவதால், வயலுக்குத் தண்ணீர் இறைத்த டீசல் இன்ஜினும் விலைக்கு இருந்தது. மலையடிவாரத்துக் கடைகளில் இன்ஜின் கிடைக்காமலா? கிடைக்கும். ஆனால் காலையில் அக்கா போய் விலை கேட்டால், மத்தியானம் சாப்பாட்டுக்குள் சேதி அத்தானுக்குப் போய்விடும்.

அத்தானுக்கு ஏன் தெரியக்கூடாது என்பதை அன்று சாயங்காலம் கிணற்றடியில் துணி அலசிக்கொண்டே சொன்னாள். காபிச் செடி பழம் பறித்து முடிந்ததும் மொட்டு வைத்துவிட்டு அப்படியே தூங்கும். மார்ச்சில் ஒரு நல்ல மழை பெய்து வேர் வரை நனைத்தால்தான் அந்த மொட்டு விழிக்கும். எட்டாம் நாள், ஒன்பதாம் நாள் சரிவு முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும். அந்த மழைக்குப் பேரே பூ மழை. அது வராவிட்டால் பூ இல்லை. அதைவிட மோசம், அரைகுறையாக வருவது. தூறலை நம்பி மொட்டு பாதி விரியும். மேற்கொண்டு ஈரம் இல்லாமல் அப்படியே கருகும். இரண்டு வருஷமாக அப்படித்தான் ஆகிக்கொண்டிருந்தது.

“உங்க அத்தான் காபி போதும்ங்கிறாரு. மரத்தையெல்லாம் வெட்டிட்டு சௌசௌ பந்தல் போடலாம்கிறாரு. வாராவாரம் காய் வரும், மூட்டை கட்டி சந்தைக்கு ஏத்தலாம். அவரு சொல்றதும் பொய் இல்ல. ஆனா நான் வச்ச செடிடா. கல்யாணமாகிப் போன வருசம் நாத்து வச்சேன். இந்த மார்ச்சுக்குள்ள இன்ஜின வாங்கிக் குட்டையில போட்டு, குழாய மேல இழுத்து, பூ மழைய நானே பேய வச்சுட்டேன்னா அவரு வாய மூடிக்கிருவாரு.”

ஆக, விஷயம் இவ்வளவுதான்: மார்ச்சுக்குள் இன்ஜின். இல்லையென்றால் காபி போச்சு.

நான் அப்போது தாம்பரத்தில் புள்ளியியல் இரண்டாம் வருஷம். அந்த வருஷம் எனக்குப் பூமி சூடாவதில் பைத்தியம். கரியமில வாயு, கண்ணாடி வீட்டு விளைவு, உருகும் பனி என்று கிடைத்த பத்திரிகைத் துண்டையெல்லாம் வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருந்தேன். கல்லூரி அறிவியல் மன்றத்தில் நாற்பது நிமிஷம் பேசினேன். அது போதாதென்று எங்கள் சர்ச் பங்கு இளைஞர் கூட்டத்திலும் பேசினேன். ஃபாதர் மூன்று தடவை கடிகாரத்தைப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்தேன். அப்படிப்பட்டவனிடம் ஒருத்தி மலையிலிருந்து இறங்கி வந்து, எங்கள் ஊரில் மழை மாறிவிட்டது என்கிறாள். நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். நான் செய்தது அது இல்லை. “ஆதாரம் என்ன?” என்று கேட்டேன்.

“ஆதாரமா? முன்னெல்லாம் விபூதிப் புதனுக்குள்ள மழை வந்துரும்டா. நெத்தியில சாம்பலோட குடை பிடிச்சுட்டு வருவோம். இப்ப குருத்தோல ஞாயிறு வந்தும் சொட்டுத் தண்ணி இல்ல. அப்பறம், எங்க ஊருல கொசுவ யாரு பாத்தா? இப்ப வந்துருச்சு. ஊருல ரெண்டு வீட்டுல ஃபேன் மாட்டிருக்காங்க. மலையிலடா, ஃபேனு!”

அங்கேதான் பிடித்தேன். விபூதிப் புதன் நாற்பது நாள் தபசு தொடங்குகிற நாள். குருத்தோலை ஞாயிறு ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு. இரண்டும் ஈஸ்டரை வைத்து வருபவை. ஈஸ்டரோ பௌர்ணமியை வைத்து வருவது. ஒரு வருஷம் மார்ச்சில் வரும், ஒரு வருஷம் ஏப்ரல் கடைசிக்கே போய்விடும். நான் உள்ளே ஓடிப்போய், அம்மா பைபிளுக்குள் சேர்த்து வைத்திருந்த பழைய திருச்சபைக் காலண்டர்களை எடுத்து வந்து அவள் முன்னே விரித்தேன்.

“பாரு. இந்த வருஷம் எங்கே இருக்கு, அதுக்கு முன்ன வருஷம் எங்கே இருக்கு? நகர்ற கம்பத்துல கயித்தைக் கட்டி அளக்கிற நீ. மழை அதே நாள்லதான் வந்திருக்கும். பண்டிகைதான் நகர்ந்திருக்கு.”

அக்கா ஈரக் கையோடு காலண்டரைப் பார்த்தாள். “கொசு?” என்றாள்.

“கொசு பஸ்ல வந்திருக்கும்.”

அம்மா சமையலறையிலிருந்து சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். நான் ஜெயித்துவிட்டேன்.

அதோடு விட்டேனா? மறுநாள் கல்லூரி நூலகத்தில் தடித்தடியாக இருக்கும் மழைக் கணக்குப் புத்தகங்களை எடுத்தேன். அக்காவின் மலைக்குப் பக்கத்து மழைமானி எது என்று தேடி, வருஷத்துக்கு வருஷம் பன்னிரண்டு மாதத்தையும் கூட்டினேன். கூட்டினதை கிராஃப் தாளில் புள்ளி வைத்துச் சிவப்பு மையால் இணைத்தேன். கோடு ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. கீழே சாயவில்லை.

ஏன் வருஷக் கணக்காகக் கூட்டினேன் என்று இப்போது யோசித்தால், நான் தாம்பரத்துக்குப் பக்கத்துச் சிட்லபாக்கத்துக்காரன் என்பதுதான் பதில். எங்களுக்கு மழை என்றால் ஏரி. ஐப்பசி, கார்த்திகையில் புயல் வந்து கொட்டி ஏரி நிரம்பிவிட்டால் அது நல்ல வருஷம். வீட்டுக் கிணறு ஜூன் வரை தாங்கும். எந்த வாரம் பெய்தது, எந்தக் கிழமை பெய்தது என்று யார் கேட்கிறார்கள்? ஓய்வு பெற்ற மாமாக்கள் காலை நடையில் ஏரிக்கரையில் நின்று, “முக்கால் வந்துடுச்சு சார்,” “இன்னும் ரெண்டு மழை போதும் சார்” என்று பேசிக்கொள்வார்கள். மழையை மொத்தமாகப் பார்த்துத்தான் எனக்குப் பழக்கம். வேறு விதமாகவும் அதைப் பார்க்கலாம் என்று தோன்றவே இல்லை.

கிராஃப் தாளை சாப்பாட்டு மேஜையில் விரித்தேன். அக்கா அதன் மேல் விரலை வைத்து, ஒரு கோடி முதல் மறு கோடி வரை நகர்த்தினாள்.

“அப்ப மழை கொறையலங்கிற.”

“குறையலை. நான் சொல்லலை, புத்தகம் சொல்லுது.”

“எனக்குத்தான் அப்பிடித் தோணுதாக்கும்.”

“மனசு அப்படித்தான்க்கா. கெட்ட வருஷம்தான் ஞாபகத்துல நிக்கும். நல்ல வருஷத்தை மறந்துடுவோம்.”

இந்த வாக்கியம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அடுத்த கூட்டத்தில் சொல்லலாம் என்று நோட்டில் குறித்துக்கொண்டேன்.

அதற்கடுத்த நாள் படப்பைக்குப் போனோம். இன்ஜின்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்று மேட்டில் நின்றிருந்தார். அக்காவைப் பார்த்ததும் என்னிடம், “இன்னா சார், அம்மாவா வாங்கப் போறாங்க?” என்றார்.

“ஏண்ணே, ஆம்பள வாங்குனாத்தான் ஓடுமா ஒங்க இன்ஜினு?” என்றாள் அக்கா.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். “ஐயே, நான் அப்டி சொல்லலமா. பாரு, கொயந்த மாதிரி வச்சிருந்தேன். பதினோரு வருசம் ஓடிக்கீது. ஒரு நாள் பேஜார் பண்ணதில்ல.” கைப்பிடியைப் போட்டு இரண்டு சுற்று சுற்றினார். கறுப்புப் புகை விட்டு, தடதடவென்று மண் அதிர எழுந்தது இன்ஜின். குழாய் வாயிலிருந்து தண்ணீர் பாய்ந்து காய்ந்த வாய்க்காலில் ஓடியது. அக்கா குனிந்து அதில் கையை வைத்தாள். எத்தனை அடி மேலே தூக்கும், எவ்வளவு டீசல் குடிக்கும், கழற்றினால் எத்தனை பேர் தூக்க வேண்டும் என்று வரிசையாகக் கேட்டாள். அவர் சொன்ன பதில் ஒவ்வொன்றுக்கும் அவள் தலை ஆடியது.

பிறகு நிமிர்ந்து, “யோசிச்சுட்டுச் சொல்றேண்ணே” என்றாள்.

“இன்னாத்த யோசிக்கிறதுமா? நாளைக்கே வேற ஆளு வந்துகினு கீறான்.”

“வரட்டும்ண்ணே. அவருக்கு வேணும்னா அவருக்குத்தான்.”

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். முடிச்சூர் தாண்டும்போது, “மழ கொறையலைன்னா இம்புட்டு பெரிய இரும்ப எதுக்கு மலை ஏத்தணும்?” என்றாள், என்னிடமா தன்னிடமா என்று தெரியாத மாதிரி. “கரெக்ட்,” என்றேன் நான்.

ஏப்ரலில் கடிதம் வந்தது. எப்போதும் அம்மா பேருக்கு எழுதுகிறவள் இந்த முறை என் பேருக்கு எழுதியிருந்தாள். மார்ச் கடைசியில் தூறல் போட்டது; இலை நனைந்தது, மண் நனையவில்லை. மொட்டெல்லாம் பாதி விரிந்து நின்றது. அதன்பின் வெயில். மேல்பாதிச் செடிகளை அத்தான் பிடுங்கிவிட்டார், மரங்களையும் வெட்டியாயிற்று, பந்தலுக்குக் கல்லுக்கால் வந்து இறங்கியிருக்கிறது. கீழ்ப்பாதியை மட்டும் இன்னும் ஒரு வருஷம் விட்டு வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். உன் படிப்பு எப்படிப் போகிறது?

கடைசி வரியில் குத்தல் இல்லை என்பது எனக்குத் தெரியும். எல்லாக் கடிதத்தையும் அவள் அப்படித்தான் முடிப்பாள். ஆனாலும் அதை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

மறுபடி நூலகத்துக்குப் போனேன். இந்த முறை மார்ச்சை மட்டும் எடுத்துப் பார்க்கலாம் என்று. அந்தப் புத்தகத்தில் மாதக் கணக்குதான் இருந்தது, நாள் கணக்கு இல்லை. ஒரே நாளில் பெய்து வேரை நனைத்த மழையும், எட்டு நாளாகத் தூறி இலையை மட்டும் நனைத்த மழையும் அதில் ஒரே எண். செடிக்கு அது வாழ்வும் சாவும். புத்தகத்துக்கு வித்தியாசமே கிடையாது. இன்னொன்றும் அப்போதுதான் கவனித்தேன். அந்த மழைமானி இருந்தது மலையின் மறுபக்கத்தில், அக்காவின் சரிவைவிட எவ்வளவோ உயரத்தில். புத்தகம் பொய் சொல்லவில்லை. அது பேசாத விஷயத்தை அதன் வாயில் நான் வைத்துப் பேசியிருந்தேன்.

ஈஸ்டர் விஷயத்தில் நான் சொன்னது சரிதான், இன்றும் சரிதான். அதுதான் ஆத்திரமாக வந்தது. அவள் கணக்கில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில், அவள் சொன்ன மற்ற எல்லாவற்றையும் அந்த ஓட்டை வழியாகவே கொட்டிவிட்டேன். தெரியாத கடல்களில் உருகும் பனியைப் பற்றி நாற்பது நிமிஷம் பேசத் தெரிந்தவனுக்கு, எதிரே நிற்கிறவள் ஃபேன் என்று சொன்னபோது காது கேட்கவில்லை. ஒன்று மட்டும் இங்கே சொல்ல வேண்டும்: அத்தானை நான் வில்லனாக நினைத்ததில்லை. அவரும் அதே வானத்தைப் பார்த்துத்தான் முடிவெடுத்தார். அவள் தண்ணீரை மாற்றப் பார்த்தாள்; அவர் செடியை மாற்றினார். புத்தகத்தை நம்பினவன் நான் ஒருத்தன்தான்.

மன்னிப்புக் கேட்டு மூன்று கடிதம் எழுதினேன். மூன்றையும் கிழித்தேன். ஒவ்வொன்றும் இரண்டாம் பக்கத்தில் விளக்கவுரையாக மாறிவிட்டது.

அடுத்த ஜனவரியில் அண்ணன் குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு அக்கா வந்தாள். இந்த முறை அவள் எதையும் மறைக்கவில்லை. வந்த மறுநாள் காலை காபி குடித்த டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, “டேய் காலேஜு, படப்பை போவமா?” என்றாள்.

பெரிய இன்ஜின் போன வருஷமே போய்விட்டது. வயலில் மஞ்சள் பூசிய கற்கள் வரிசையாக நட்டிருந்தன, கிணற்றை மூடியிருந்தார்கள். அதே லுங்கிக்காரர் எங்களை அடையாளம் கண்டுகொண்டார். “இன்னாமா, யோசிச்சு முட்ச்சிட்டியா?” என்றார். அக்கா, “இப்பத்தாண்ணே முடிஞ்சுச்சு,” என்றாள். அவருடைய மச்சானிடம் மண்ணெண்ணெயில் ஓடுகிற சின்ன பம்பு ஒன்று இருந்தது. ஒரு ஆள் தூக்கிவிடலாம். மச்சான் வீட்டுக்குப் பின்னால் இருந்த குட்டையில் குழாயை இறக்கி, கயிற்றைச் சுற்றி இழுத்தார்கள். நாலாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது.

அந்தச் சத்தத்தில் சொல்லிவிடலாம் என்று தைரியம் வந்தது. “அக்கா, போன வருஷம் நான் அந்த கிராஃபைக் காட்டாம இருந்திருந்தா...”

அவள் தண்ணீர் எவ்வளவு தூரம் போய் விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். “காட்டாம இருந்திருந்தா வாங்கிருப்பேன்” என்றாள் உடனே. பிறகு அவளே சொன்னாள்: “வாங்கக்கூடாதுன்னுதான்டா எனக்கும் ஆச. மழ மாறிருச்சுன்னா எம்புட்டுப் பயமாருக்கு தெரியுமா? கொறையலன்னு நீ சொன்னயா, அப்பாடான்னு இருந்துச்சு. ரெண்டு நாள் நிம்மதியாத் தூங்குனேன். வேற யாராச்சும் சொல்லிருந்தாலும் கேட்டுருப்பேன். நீ படிச்சவன் வேற. வசதியாப் போச்சு.”

அதன்பின் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, குழாய் நுனியிலிருந்து தண்ணீர் விழும் இடம் வரை தப்படி போட்டு எண்ணிக்கொண்டே நடந்தாள். திரும்பி வந்து, “போதும்ண்ணே, இருக்கிற பாதிக்கு இது காணும்” என்றாள். பெரியது ஒன்று வேறு இடத்தில் இருக்கிறது, கேட்டுப் பார்க்கட்டுமா என்று அவர் ஆரம்பித்ததை அவள் காதில் வாங்கவில்லை.

பம்பைச் சாக்கில் சுற்றி ஆட்டோவில் வைத்துப் பெருங்களத்தூர் கொண்டுவந்தோம். பொங்கலுக்கு ஊருக்குப் போகிற கூட்டம் ஜி.எஸ்.டி. ரோட்டை அடைத்துக்கொண்டிருந்தது. தெற்கே போகும் பஸ் ஒவ்வொன்றும் நிற்காமலே போனது. நின்ற ஒன்றில் கண்டக்டர் சாக்கை முகர்ந்து பார்த்தார்.

“இன்னாம்மா, மண்ணெண்ண நாத்தம் வருது. வண்டி பூரா வாந்தி எடுப்பாங்கம்மா.”

“எல்லாத்தையும் வடிச்சாச்சு சார். வேணும்னா எம்மடியிலயே வச்சுக்கிறேன்.”

“மடியில வைக்கிறதுக்கு இது இன்னா கொயந்தையா? ஏத்து, ஏத்து. லக்கேஜ் டிக்கெட் வாங்கிக்கோ.”

ஏறி உட்கார்ந்ததும் அக்கா ஜன்னல் வழியே தலையை நீட்டினாள். நான் கேட்டேன்: “இந்த மார்ச்சுல மழை தானாவே நல்லா பெஞ்சுட்டா?”

“பேயட்டும். உங்க அத்தான் இந்தப் பம்பப் பாத்துப் பாத்துச் சிரிப்பாரு. நானும் பக்கத்துல உக்காந்து சிரிக்கிறேன்.”

பஸ் வண்டலூர்ப் பக்கம் மறைந்த பிறகுதான் உறைத்தது: அவளுடைய குட்டை எவ்வளவு ஆழம், மார்ச்சில் அதில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று நான் கேட்கவே இல்லை. அன்றே ஒரு கார்டு எழுதினேன். விளக்கம் எதுவும் இல்லை, ஐந்து கேள்விகள் மட்டும். இனிமேல் மழை பெய்தால் எந்த நாள், இலை நனைந்ததா மண் நனைந்ததா என்று குறித்து அனுப்பவும் கேட்டேன்.

பதில் ஏப்ரல் தொடக்கத்தில் வந்தது. மழை இல்லை. நாலு நாள் இறைத்தேன், அத்தான்தான் குழாய் பிடித்தார். அஞ்சாம் நாள் குட்டையில் அடிச்சேறு தெரிந்தது. நனைந்த இடமெல்லாம் எட்டாம் நாள் பூத்துவிட்டது, வாசனை வீட்டுக்குள் வரை வந்தது. கடைசி மூணு வரிசைக்கு மட்டும் தண்ணி எட்டவில்லை. அதில் மொட்டு இன்னும் அப்படியே இருக்கிறது. வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.